மணம் பேசிய படங்கள்

‘ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு திருமணத்தை நடத்தி வை’ என்பது தமிழரிடையே நெடுநாளாக வழங்கி வரும் பழமொழி. அதன் பழைய வடிவம் ‘ஆயிரம் முறை போய்ச் சொல்லி’ என்பதே என்று விளக்கம் தருவாரும் உளர். பெண்ணின் இயல்பைப் பிள்ளை வீட்டாரிடமும், பிள்ளையின் இயல்பைப் பெண் வீட்டாரிடமும் பலமுறை போய்ச் சொல்லி, இரு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்த பின்னரே மணம் முடிக்க வேண்டும் என்பது அவ்விளக்கத்தின் கருத்தாகும். எது மூல வடிவம் என்பதை அறிஞர் ஆராய்வாராக. ஆயினும், ‘போய்’ என்பதற்கும் ‘பொய்’ என்பதற்கும் இடையிலுள்ள அந்த ஓரெழுத்து வேறுபாட்டில் ஒரு பெரிய வரலாறு அடங்கியுள்ளது. போய்ப் பார்க்க இயலாத இடத்தில்தான் பொய் எளிதில் குடியேறுகிறது.

இன்று வாழ்க்கைத் துணை தேடும் ஆடவரும் மகளிரும் தம் படத்தைக் கைப்பேசி வழியே முன்பின் அறியாதவர் பார்வைக்கு வைக்கின்றனர். எந்தப் படத்தைத் தேர்வது, எந்த ஆடையில் நிற்பது, எவருடைய வாகனத்தின் அருகில் நிற்பது என்றெல்லாம் எண்ணிப் பார்க்கின்றனர். இதனைக் கணினிக் காலத்தின் புதுக் கோளாறு என்று பெரியோர் கடிந்துரைப்பதுண்டு. வரலாறோ வேறு விதமாகச் சான்று பகர்கிறது. முகம் அறியாதவரை மணக்கப் படம் அனுப்பும் வழக்கம் முடிமன்னர் அரண்மனைகளிலேயே இருந்தது; பின்னர் அது தோட்டத் தொழிலாளர் குடிசைக்கும் இறங்கி வந்தது. அவ்வழக்கத்தினால் பயன் பெற்றவர் யார், விலை கொடுத்தவர் யார் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

மன்னனிடம் சென்ற ஓவியம்

இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் 1537ஆம் ஆண்டில் மகப்பேற்றை அடுத்து மறைந்தாள். நாட்டுக்கு வலிமை சேர்க்கும் மணவுறவை ஐரோப்பிய அரண்மனைகளில் தேடும் பணி தொடங்கியது. நாடாளும் மன்னன் நாடு நாடாகச் சென்று பெண் பார்த்தல் இயலாது. ஆகவே, அரண்மனை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் அனுப்பப்பட்டார். 1538ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் பிரசெல்ஸ் நகரில் டென்மார்க்கு இளவரசி கிறிஸ்டினாவை மூன்று மணி நேரம் எதிரில் இருத்தி வரைந்து வந்தார். அம்மணம் கைகூடவில்லை. அடுத்த ஆண்டு கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆனையும் அவள் தங்கை அமேலியாவையும் வரைவதற்காக ஜெர்மானியப் பகுதியிலுள்ள டியூரன் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கிருந்த ஆங்கிலத் தூதர் நிக்கலஸ் வோட்டன், ஓவியர் இருவர் சாயலையும் உயிர்ப்புடன் தீட்டியிருப்பதாக மன்னனுக்கு எழுதினார்.

1540ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ரோச்செஸ்டர் நகரில் வந்து தங்கியிருந்த ஆனை ஹென்றி மாறுவேடத்தில் சென்று கண்டான். கண்டதும் அவன் மனம் கசந்தது. வாக்களித்த மணத்தை விலக்க இயலாமல் ஜனவரி 6ஆம் நாள் அவளை மணந்தான். ஜூலை 9ஆம் நாள் அம்மணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மணத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் அதே ஜூலை 28ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். அவர் வீழ்ச்சிக்கு வேறு அரசியற் காரணங்களும் இருந்தன. ஓவியர் ஹோல்பைன் எவ்விதத் தண்டனையும் பெறவில்லை. ஓவியம் பொய் சொல்லிற்று என்ற கதை பிற்காலத்தில் பரவிற்றேனும், தூதரின் கூற்றும் ஓவியர் தண்டிக்கப்படாமையும் அக்கதைக்கு எதிராகவே நிற்கின்றன.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அப்போது ஹென்றிக்கு அகவை 48. பருத்த உடலும் காலில் ஆறாத புண்ணும் உடையவன் அவன். அவன் தோற்றம் 24 அகவை நிரம்பிய ஆனுக்கு உவப்பாக இருந்ததா என்பது எவர்க்கும் ஒரு வினாவாகவே தோன்றவில்லை. தேர்ந்தெடுப்பவன் ஒருவன், தேர்ந்தெடுக்கப்படுவதற்காகப் படத்தில் அமர்ந்தவள் மற்றொருத்தி. மணம் பேசும் படம் வெறும் முகச்சாயல் அன்று. அது ஒரு விண்ணப்பம். விண்ணப்பம் எழுதுவோர் தம் குறைகளை முதல் வரியில் எழுதுவதில்லை.

ஏழைக்கும் ஒரு படம்

அரசர்க்கே உரியதாக இருந்த அவ்விண்ணப்பத்தை எளியோர்க்கும் உரியதாக்கியது நிழற்படக் கலை. 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகேரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1854இல் பாரிஸ் நகரத்து நிழற்படக் கலைஞர் டிஸ்டேரி, ஒரே தகட்டில் பல படங்களைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அறிமுக அட்டையின் அளவிலான அச்சிறு படங்கள் மலிவாகக் கிடைத்தன. கடித உறையில் அடங்கின. கடல் கடந்தும் சென்றன.

படத்தைத் திருத்தும் கலையும் உடனே தோன்றிவிட்டது. 1855ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த பெருங் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் நெகட்டிவ் தகட்டைக் கையால் திருத்தி முகத்தின் குறைகளை நீக்கும் முறையைக் காட்டிப் பார்வையாளரை வியக்கச் செய்தார். பட நிலையங்களில் தோட்டம் தீட்டிய திரைகளும் சித்திர வேலைப்பாடு அமைந்த நாற்காலிகளும் போலித் தூண்களும் இடம்பெற்றன. மேலாடை இல்லாதவர்க்கு இரவலாகக் கிடைத்தது. கைநிறையப் பொருள் இல்லாதவனும் அந்தத் தூணருகே நின்ற சிறு பொழுதில் செல்வனாகத் தோன்றினான். ஓவியம் பொய்த்தால் ஓவியரைக் குறை கூறலாம். கருவி பிடித்த படமோ உள்ளதை உள்ளவாறே காட்டும் என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையே பின்னர்ப் பலரை ஏமாற்றத்தில் ஆழ்த்தியது.

கரும்புத் தோட்டத்துத் தனியர்

ஜப்பானிலிருந்து ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அரசு ஒப்பந்தத்தின் வழி தொழிலாளர் செல்லத் தொடங்கியது 1885ஆம் ஆண்டில். 1894ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 29,000 பேர் அவ்வகையில் சென்றனர். ஹிரோஷிமா, யமாகுச்சி, குமமோட்டோ முதலிய பகுதிகளின் உழவர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞரே அவருள் மிகுதி. மூன்றாண்டு உழைத்துப் பொருளுடன் ஊர் திரும்பலாம் என்று எண்ணிச் சென்றவர் பலர். கூலியோ குறைவு, திரும்பும் நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. சிலர் அங்கிருந்து அமெரிக்காவின் மேலைக் கடற்கரைக்குப் பெயர்ந்து பண்ணைகளிலும் இருப்புப் பாதைகளிலும் உழைத்தனர். 1900ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருநிலத்தில் 24,000க்கு மேற்பட்ட ஜப்பானியர் இருந்தனர். அவருள் பெண்கள் ஆயிரவரும் இலர். மலாயாவின் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் வரலாற்றை அறிந்தோர்க்கு, ஆடவர் மிகுந்து பெண்டிர் அருகிய அத்தோட்டக் குடியிருப்புகளின் வெறுமை விளங்காமற் போகாது.

1907, 1908ஆம் ஆண்டுகளில் ஜப்பானும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, புதிய தொழிலாளர்க்கு அமெரிக்கா செல்லக் கடவுச்சீட்டு வழங்குவதை ஜப்பான் நிறுத்தியது. ஆயின், அங்கு வாழ்வோரின் மனைவி, மக்கள், பெற்றோர் செல்லலாம் என்றிருந்தது. தொழிலாளர் நுழையும் வாயில் அடைபட்டது. மனைவியர் நுழையும் வாயில் திறந்திருந்தது. மணம் புரிய ஊர் திரும்புவதற்கோ கப்பற் செலவு பெரிது. நெடுநாள் தங்கினால் படைச் சேவைக்கு அழைக்கப்படும் அச்சமும் இருந்தது. எனவே ஆடவர் தம் படத்தை ஊருக்கு அனுப்பினர்.

ஜப்பானியர் மரபில் இடையில் நின்று மணம் பேசுவோர் உண்டு. ஆணும் பெண்ணும் முறைப்படி சந்திக்கும் சடங்கும் உண்டு. கடல் இடையில் கிடந்தமையால் சந்திப்பு நின்றது, படங்கள் சந்தித்தன. மணமகளின் பெயர் மணமகனின் குடும்பப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டதும் அந்நாட்டுச் சட்டப்படி அவள் மனைவியானாள். மணமகன் உடனிருக்க வேண்டுவதில்லை. பெயர் பதிந்து ஆறு மாதம் கழிந்த பின்னரே கடவுச்சீட்டுக் கேட்கலாம் என்றும், மணமகள் மணமகனைவிட 13 ஆண்டுகளுக்கு மேல் இளையவளாக இருத்தல் கூடாது என்றும் அரசு விதித்தது. இவ்வாறு சென்ற பெண்களை ஜப்பானியர் ‘ஷஷின் ஹனயோமே’ என்றனர். படத்து மணப்பெண் என்பது அதன் பொருள். ஒகினாவாத் தீவுப் பெண்களும் இவருள் அடங்குவர். 1910 முதல் 1924 வரை கொரிய நாட்டிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் இவ்வாறே கடல் கடந்தனர்.

கையில் ஒரு முகம், கரையில் ஒரு முகம்

கப்பல் ஹொனலூலுவிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ வந்து நின்றதும் காணக்கிடைத்த காட்சி பலரால் பதிவு செய்யப்பட்டுள்ளது. 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஏஞ்சல் தீவுக் குடிநுழைவு நிலையத்தில் மணப்பெண்கள் மருத்துவச் சோதனைக்கும் வினாக்களுக்கும் உட்பட்டனர். பின்னர்க் கையிலுள்ள படத்தையும் எதிரில் நிற்கும் ஆடவரையும் மாறி மாறிப் பார்த்துத் தத்தம் கணவரைத் தேடினர்.

சிலர்க்குப் படமும் ஆளும் ஒத்திருந்தன. பலர்க்கு ஒத்திருக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார் ஒருவர். முகச் சுருக்கத்தையும் வழுக்கையையும் திருத்தி மறைத்த படம் அனுப்பியிருந்தார் மற்றொருவர். தம்மினும் அழகிய நண்பரின் படத்தையே அனுப்பியவரும் இருந்தனர். கூலித் தொழிலாளி இரவல் உடையணிந்து, தமதல்லாத வீட்டின் முன்னும், தமதல்லாத மோட்டார் வண்டியின் அருகிலும் நின்று படமெடுத்துக்கொண்டதுண்டு. பதினைந்து ஆண்டு மூத்த கணவரைக் கண்டு துறைமுகத்திலேயே அழுதவரும், உடன் செல்ல மறுத்தவரும் இருந்தனர் என்பதை, பிற்காலத்தில் அம்மூதாட்டியரிடம் வாய்மொழி வரலாறு திரட்டியோர் குறித்துள்ளனர்.

ஆடவரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. பெண் வீட்டாரும் படத்தை அழகுபடுத்தி அனுப்பியதுண்டு. மேலும், அந்த ஆடவருக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. கடல் கடந்து போனவர் பொருள் ஈட்டியிருப்பார் என்று ஊரார் எதிர்பார்த்தனர். கரும்புச் சோகையால் கீறுண்ட கைகளையும், பலர் ஒன்றாக உறங்கும் நெடுங்கொட்டகையையும் படமெடுத்து அனுப்ப எவருக்குத் துணிவு வரும்? அந்தப் பொய்யில் ஆசை ஒரு பங்கு. தம் வறுமையை ஊரார் அறிந்துவிடுவரோ என்னும் நாணமும் ஒரு பங்கு.

திரும்ப வழியில்லாதவர்

இருப்பினும், பொய்யின் காரணம் இரங்கத்தக்கதாக இருப்பதால் அதன் விளைவு குறைந்துவிடுவதில்லை. ஏமாந்த மணமகன் தன் வாழிடத்திலேயே இருந்தான். ஏமாந்த மணமகளோ மொழி அறியாத நாட்டின் துறைமுகத்தில் நின்றாள். திரும்பிச் செல்லக் கப்பற் கட்டணம் வேண்டும். பணம் கிடைத்துத் திரும்பினாலும், கணவனை விட்டு வந்தவள் என்ற பழி பிறந்த வீட்டையும் தாக்கும். ஆகவே பெரும்பாலோர் தங்கினர். அமெரிக்க அதிகாரிகள் 1917ஆம் ஆண்டு வரை படமணத்தைச் செல்லத்தக்க மணமாக ஏற்கவில்லை. அதனால், வந்திறங்கிய பெண்கள் அப்போதே தேவாலயத்திலோ விடுதியிலோ கூட்டமாக நிறுத்தப்பட்டு, அமெரிக்கச் சட்டப்படி மீண்டும் மணம் செய்விக்கப்பட்டனர். தன் கணவன் படத்தில் கண்டவன் அல்லன் என்று உணர்ந்து சில மணி நேரத்திற்குள் அந்தச் சடங்கில் நின்ற பெண்ணின் மனநிலையை எண்ணிப் பார்த்தல் அரிது.

அதன் பின் அவர்களுக்கு வாய்த்தது உழைப்பு. கரும்பின் உலர்ந்த சோகையை உரிப்பதும் களை வெட்டுவதும் பகல் வேலை. தனித்து வாழ்ந்த ஆடவர்க்குச் சமைத்தலும் துணி வெளுத்தலும் அதற்கு மேற்பட்ட வேலை. ஆடவரினும் குறைந்த கூலியே அவர்க்குக் கிடைத்தது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கியவர் பலர். வாழ்க்கை பொறுக்காமல் வேறொருவருடன் ஓடிப்போன பெண்களும் உண்டு. கைவிடப்பட்ட கணவர்கள், குடியேறிய ஜப்பானியர் நடத்திய நாளிதழ்களில் அப்பெண்களின் அடையாளம் கூறி, சில வேளை படத்தையும் வெளியிட்டு, கண்டு சொல்வோர்க்குப் பரிசு அறிவித்தனர். மணம் பேசுவதற்காக எடுக்கப்பட்ட படம், தப்பியோடியவளைத் தேடும் படமாக மாறியதைவிடப் பெரிய துயரம் படங்களின் வரலாற்றில் அரிதாகவே இருக்கும்.

தங்கியவர் கட்டியெழுப்பியதையும் வரலாறு மறத்தல் கூடாது. தனியர் கொட்டகைகள் குடும்ப வீடுகளாயின. பள்ளிகளும் கோயில்களும் எழுந்தன. 1920ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருநிலத்தில் மணமான ஜப்பானியப் பெண்களின் தொகை 22,000ஐக் கடந்தது. அவர் வயிற்றிற் பிறந்த மக்கள் பிறப்பினால் அமெரிக்கக் குடிமக்களாயினர். ஜப்பானியரை வெறுத்த அரசியலாரை இது சினங்கொள்ளச் செய்தது. படமணம் நாகரிகமற்றது என்று அவர்கள் முழங்கினர். பெண்களின் துன்பத்தைக் களைவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. அயலார் குடும்பமாக வேரூன்றுவதைத் தடுப்பதே நோக்கமாக இருந்தது. எதிர்ப்பைத் தணிக்கக் கருதிய ஜப்பானிய அரசு, 1920ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அமெரிக்கப் பெருநிலம் செல்லும் படத்து மணப்பெண்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குவதை நிறுத்தியது. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் ஹவாய்க்கும் வழியை அடைத்தது. இப்பெண்களின் கதையைப் பின்னாளில் 1995இல் வெளிவந்த ‘பிக்சர் பிரைடு’ என்ற திரைப்படமும், ஜூலி ஒட்சுகா 2011இல் வெளியிட்ட புதினமும் உலகறியச் செய்தன.

கைப்பேசியில் வந்த விண்ணப்பம்

1995ஆம் ஆண்டில் துணை தேடுவதற்கான இணையத்தளம் அமெரிக்காவில் தோன்றியது. 2012இல் டிண்டர் என்னும் கைப்பேசிச் செயலி வந்தபின், ஒரு படத்தைக் கண்டு ஏற்பதும் தள்ளுவதும் விரல் நொடியில் முடியும் செயலாயிற்று. ஆறு மாதம் கடிதமும் படமும் மாறி மாறிப் போன காலம் மறைந்தது. ஆனால் இரவல் உடை, பிறர் வண்டி, பழைய படம், திருத்திய முகம் ஆகிய நான்கும் மறையவில்லை. அன்று நெகட்டிவ் தகட்டைத் திருத்திய கைக்கு மாறாக, இன்று செயலியே தோலை வெளுப்பாக்கிக் கன்னத்தை மெலிவாக்குகிறது.

2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. இணையவழித் துணை தேடிய 80 பேரை ஆய்வாளர் நேரில் வரவழைத்து, அவர் எழுதியிருந்த உயரம், எடை, அகவை ஆகியவற்றை அளந்தும் சான்றிதழ் பார்த்தும் ஒப்பிட்டனர். 81 விழுக்காட்டினர் இம்மூன்றில் ஒன்றிலேனும் உண்மையினின்று விலகியிருந்தனர். ஆயினும், அவ்விலகல்களுள் பெரும்பாலானவை சிறியனவே. தாம் தந்த விவரங்களுள் உண்மை குறைந்தது படமே என்றும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். என்றேனும் ஒரு நாள் நேரில் சந்திக்க வேண்டியிருப்பதே பெரும் பொய்க்குத் தடையாகிறது என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். போய்ப் பார்த்தல் உண்டு என்னும் எண்ணமே பொய்யின் அளவைச் சுருக்குகிறது.

சந்திக்கும் எண்ணமே இல்லாதவனிடம் அத்தடையும் இல்லை. பிறர் முகத்தைத் திருடித் தன் முகமாகக் காட்டிப் பணம் பறிக்கும் இணையக் காதல் மோசடி குறித்து மலேசியக் காவல்துறையும் சிங்கப்பூர்க் காவல்துறையும் மக்களைப் பலமுறை எச்சரித்துள்ளன. ஹவாய்த் தொழிலாளி நண்பனின் படத்தை அனுப்பியபோது, அவன் துறைமுகத்துக்கு வந்து நிற்கவேனும் செய்தான். இன்றைய மோசடிக்காரன் எந்தத் துறைமுகத்துக்கும் வருவதில்லை.

கடல் கடக்கும் மணப்பெண்களும் மறைந்துவிடவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் படத்தை நம்பித் தன் மகளிரை ஹவாய்க்கு அனுப்பிய கொரிய நாட்டின் தென்பகுதிக்கு, அண்மைக் காலத்தில் தரகர் வழியாக வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து மணப்பெண்கள் வந்தனர். 2010ஆம் ஆண்டில் அங்கு வந்த வியட்நாமியப் பெண் ஒருத்தி, மனநோய்க்கு மருத்துவம் பெற்றிருந்ததை அவளிடம் மறைத்த கணவனால் சில நாள்களிலேயே கொல்லப்பட்டாள். மணத்துக்கு முன் இரு தரப்பாரின் உடல்நலம், முந்தைய மணம், குற்றப் பதிவு ஆகியவற்றை எழுத்து வடிவில், அவரவர்க்கு விளங்கும் மொழியில், தரகர் தெரிவிக்க வேண்டும் என்னும் சட்டத் திருத்தம் அதே ஆண்டின் இறுதியில் தென்கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் உற்றார் உறவினர் போய்ச் சொல்லிய செய்திகளைச் சட்டம் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

முடிவுரை

தன்னை அழகாகக் காட்ட விரும்புவது மனித இயல்பு. மணநாளில் புத்தாடை உடுத்துவதைப் பொய் என்று எவரும் கூறார். படத்தை அழகுபடுத்துவதற்கும் படத்தால் ஒருவரை ஏமாற்றுவதற்கும் இடையிலுள்ள எல்லை எது என்பதே மாணவர் சிந்திக்க வேண்டியது. அந்த எல்லையை அளக்க ஓர் எளிய கோல் உண்டு: படத்தை நம்பி வருபவர், உண்மையைக் கண்டதும் திரும்பிச் செல்ல இயலுமா? இயலுமாயின் அப்பொய் ஒரு மாலைப் பொழுதைக் கெடுக்கும். இயலாதாயின் ஒரு வாழ்வையே கெடுக்கும். ஆனுக்கு இங்கிலாந்தில் நிலமும் மாளிகையும் கிடைத்தன. 1557இல் இறக்கும் வரை அவள் மதிப்புடன் வாழ்ந்தாள். கரும்புத் தோட்டத்துக்குச் சென்ற பெண்ணுக்குக் கிடைத்தது கையிலிருந்த படம் ஒன்றே.

ஏஞ்சல் தீவுக் குடிநுழைவு நிலையம் 1940ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீவிபத்தை அடுத்து மூடப்பட்டது. ஆயினும், கையில் ஒரு முகத்தையும் கண்ணில் அச்சத்தையும் ஏந்தி அதன் கரையில் இறங்கிய பெண்கள், படம் அனுப்பும் ஒவ்வொருவரையும் இன்றும் வினவுகின்றனர். ஆயிரம் படங்களைக் காட்டினாலும், ஒரு முறையேனும் போய் உண்மையைச் சொல்லுதல் வேண்டும். அதுவே அப்பெண்களின் கண்ணீர் உணர்த்தும் பாடமாகும்.